முதலாளியின் தொடையில் ஒரு கட்டி

துண்டு துவைக்கிற வேலையை மட்டும் கைராசி யாரிடமும் விடமாட்டாள். வீட்டில் வாஷிங் மெஷின் இல்லாமல் இல்லை. எண்ணெய் ஏறின துண்டை அதில் போட்டால் அப்புறம் அதே மெஷினில் போடுகிற சட்டை, தலையணை உறை எல்லாம் ஒரே வாடையாக அடிக்கும் என்று சொல்லி, சமையலறைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தளத்தில் வெந்நீர் வாளியோடு உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு துண்டையும் சோப்பில் கசக்கி, முறுக்கி, உதறி, மறுபடியும் முறுக்குவாள். காலையிலிருந்து நாலைந்து பேர் முதுகைப் பிசைந்த கைக்கு அந்த முறுக்கல்தான் ஓய்வு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவள் வீட்டுக்காரரே நம்பியதில்லை.

வாளிக்குப் பக்கத்தில் முதலாளி படுத்திருக்கும். முதலாளி என்பது நாயின் பெயர். பழுப்பு நிறம், அமுங்கின மூக்கு, எதைப் பார்த்தாலும் திருப்தி இல்லாத மாதிரி ஒரு முகம். மகள் வேலைக்காக வெளியூர் போகும்போது அவர்களிடம் விட்டுவிட்டுப் போன நாய். வந்த புதிதில், மசாஜ் அறை வாசலில் படுத்துக்கொண்டு, கைராசி வேலை செய்வதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வேலையும் செய்யாமல் வேலை செய்கிறவர்களையே பார்த்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எழுந்து வருகிறதே, இது யார் இந்தக் கடைக்கு முதலாளியா என்று முதுகுவலிக்கு வந்த கண்டக்டர் கேட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். பெயருக்கு ஏற்ற மரியாதையும் கூடவே வந்தது. 'முதலாளி சாப்பிட்டாரா', 'முதலாளிக்கு இன்னைக்கு மூடு சரியில்ல' என்றுதான் அந்த வீட்டில் பேசுவார்கள்.

அன்றைக்கு முதலாளி துண்டுகளைப் பார்க்கவில்லை. பின்னங்கால் தொடையை நக்கிக்கொண்டிருந்தது. அதட்டினால் நிறுத்தும், அவள் அடுத்த துண்டை எடுத்ததும் மறுபடியும் தொடங்கும்.

கைராசி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். தோலுக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் ஏதோ உருண்டது. விரலுக்கு வழுக்கிக் கொடுத்தது. இரண்டு தரம் அமுக்கினாள். முடிவு சொல்ல அவளுக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை.

"கொழுப்பு. உட்கார்ந்து தின்னா வேற என்ன வரும்" என்று முதலாளியிடமே சொன்னாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். அப்படித்தான் அந்தத் தெருவில் பேர்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மெஷின் பிசைந்து தள்ளுகிற மாவை மேஜையில் போட்டு, கட்டி இருக்கிறதா என்று உள்ளங்கையால் பார்த்து, இருந்தால் கரைத்து, உருட்டி அடுக்க வேண்டும். மாவில் ஒரு கட்டி தப்பினாலும் பேக்கரிக்காரர் காதில் ரத்தம் வருகிற மாதிரி பேசுவார். அந்தக் கையோடுதான் பிறகு ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் உதவியாளாகச் சேர்ந்தாள். அங்கே விழுந்து எழுந்தவர்களுக்கும் வாதம் வந்தவர்களுக்கும் கைகால் நீவிவிடுகிற வேலை. மனிதர்கள் முதுகிலும் மாவில் இருக்கிற மாதிரி கட்டிகள் இருப்பதை அவள் கை தானாகவே கண்டுபிடித்தது. கண்டுபிடித்த இடத்தை விடாமல் பிசைந்தால் கரைவதையும் பார்த்தது. கிளினிக் மூடிய பிறகு வீட்டின் முன்னறையில் ஒரு நீள மேஜையைப் போட்டு, முகம் வைத்துக்கொள்ள மேஜையில் ஒரு ஓட்டையும் போடவைத்து, சொந்தமாகத் தொழில் தொடங்கினாள்.

கைராசி என்ற பேர் வந்தது வேறு ஒரு சம்பவத்தால். கண்டக்டருடைய மனைவி கழுத்துவலி என்று வந்தாள். அக்குளுக்குப் பக்கத்தில் ஒன்று தட்டுப்பட, கைராசி கையை எடுத்துவிட்டு, இதை நான் தொடமாட்டேன், நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று அனுப்பினாள். போனார்கள். கைராசி சந்தேகப்பட்டது சரியாக இருந்தது, புற்றுநோயின் ஆரம்பம். சீக்கிரம் வந்ததால் பிழைத்தாள் என்று அங்கே சொல்லி அனுப்பினார்களாம். கண்டக்டர் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற நேரத்திலெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு முதுகு வலிக்காதவர்கள்கூட வந்தார்கள். இங்கே ஒன்று தட்டுப்படுகிறது, தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சட்டையை விலக்குவார்கள். இது கொழுப்பு, இது நரம்பு முடிச்சு, இது ஒன்றுமில்லை, இதை டாக்டரிடம் காட்டு என்று அவள் கை சொல்வதை அவள் வாய் சொல்லும். பத்துக்கு எட்டு கொழுப்புதான். நிம்மதியாகப் போவார்கள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கருவிப் பையை வலது தோளில் மாட்டியே அந்தத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் மேஜையில் குப்புறப் படுப்பார். அவருடைய வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழேயும் ஒரு கட்டி இருந்தது. மகள் ஊருக்குப் போவதற்கு முன்பிருந்தே இருந்தது. பை அழுத்துகிற இடம், கொழுப்பு திரண்டிருக்கிறது என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். ஒரு டாக்டரிடம் காட்டினால் என்ன என்று மகள் கேட்டபோது அவர் சிரித்தார். "வீட்டுலயே ஸ்கேன் மெஷினைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். நான் எதுக்கு வெளிய போய் வரிசையில நிக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த இடத்தையும் சேர்த்துத்தான் பிசைவாள்.

முதலாளிக்கும் அதே வைத்தியம் தொடங்கியது. கடைசி ஆள் போன பிறகு முதலாளியை மேஜைக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, தொடையைப் பிசைவாள். முதலாளி முதலில் காலை இழுத்துக்கொள்ளும். பிறகு, தொழிலாளியிடம் என்ன வாக்குவாதம் என்பதுபோல் கண்ணை மூடிக்கொள்ளும். மாலையில் அந்த இடம் எலுமிச்சை அளவுக்கு வீங்கும். காலையில் பார்த்தால் பழையபடி சுண்டைக்காய். ஒரு நாள் அதைவிடவும் சிறியதாக இருந்தது.

கைராசி வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். "பாத்தீங்களா, கரையுது."

அவர் தொட்டுப் பார்த்தார். ஆமாம், குறைந்துதான் இருந்தது. கண்டக்டரும் தொட்டுப் பார்த்து, எங்களிடமெல்லாம் காசு வாங்குகிறீர்களே, முதலாளிக்கு மட்டும் இலவச சர்வீஸா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வீங்குவதும் வடிவதும் கரைவதற்கு அடையாளம் என்றே கைராசி நினைத்தாள். கெட்டுப்போன முடிச்சு அப்படித்தான், எதிர்த்து நிற்கும், பிறகு விட்டுக்கொடுக்கும். அதனால் இன்னும் கொஞ்சம் அழுத்தியே பிசைந்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்த இடத்தில் முடி உதிர்ந்து தோல் சிவந்தது. சிவப்பைச் சுற்றி அடிபட்ட மாதிரி நீலம் பாய்ந்தது. கட்டி இப்போது காலையிலும் வடியவில்லை. முதலாளி தட்டில் வைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டு, யார் சமைத்தது என்று கேட்கிற மாதிரி நிமிர்ந்து பார்க்கும். பிறகு திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு நாள் காலை மசாஜ் அறை வாசலில் வாந்தி எடுத்திருந்தது. காப்பித்தூளைக் கரைத்து ஊற்றின மாதிரி கறுப்பு.

அதைத் துடைத்தது கைராசிதான். துடைத்த துணியைத் துவைக்காமல் பையில் கட்டிக் குப்பையில் போட்டாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம், இன்றைக்கு லீவு சொல்லுங்க என்றாள்.

நாய் டாக்டர் சின்ன வயதுக்காரி. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். பேச்சில் அவசரம் இல்லை. முதலாளியை எஃகு மேஜையில் ஏற்றி, பெயரைக் கேட்டு, சிரித்து, 'என்ன முதலாளி, உடம்புக்கு என்ன' என்று அதன் முகத்தைப் பார்த்தே விசாரித்தாள். கட்டியைச் சுற்றி விரல் நுனியால் மட்டும் தொட்டாள். அமுக்கவில்லை. அதை கைராசி கவனித்தாள். தொழில் தெரிந்தவள் ஏன் அமுக்கிப் பார்க்காமல் விடுகிறாள் என்று நினைத்தாள்.

டாக்டர் மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செருகி எடுத்து, அதில் வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, உள்ளறையில் இருந்த மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டுபோனாள். திரும்பி வர நேரம் பிடித்தது. வந்ததும் உட்காரவில்லை.

"இதை யாராச்சும் அழுத்தினீங்களா? தேய்ச்சு விடுறது, பிசையுறது, அந்த மாதிரி?"

"இல்ல டாக்டர்" என்றாள் கைராசி.

வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாயின் பற்களைப் பற்றிய படம். அதில் படிக்க ஒன்றுமில்லை.

டாக்டர் சொன்னது இதுதான். மாஸ்ட் செல் என்று ஒரு வகை செல் இருக்கிறது. அதிலிருந்து வருகிற புற்றுநோய் இது. நாய்களுக்குத் தோலில் வருவது அதிகம். அந்த செல்கள் ஒவ்வொன்றும் ரசாயனம் அடைத்த பை மாதிரி. அழுத்தினால் உடைந்து உள்ளே இருப்பதைக் கொட்டும். கொட்டினால் இடம் வீங்கும், சிவக்கும், நீலம் பாயும். வயிற்றில் அமிலம் ஏறிப் புண்ணாகும், கறுப்பாக வாந்தி வரும். பிறகு அதுவே வடிந்து கட்டி சிறியதாகிவிடும்.

"குறையுதேன்னு நம்பி நிறையப் பேர் விட்டுருவாங்க. அவங்க மேல தப்பில்ல. தொட்டா கொழுப்பு மாதிரியேதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருக்கும். கையால தொட்டு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஊசி வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

கைராசியின் இரண்டு கையும் அப்போது முதலாளியின் முதுகில் இருந்தன. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் டாக்டர் வழிகளைச் சொன்னாள். முதலில் வயிற்றுப் புண்ணுக்கும் அலர்ஜிக்கும் மாத்திரை. தொடை இடுக்கில் இருக்கிற நிணநீர்ச் சுரப்பியிலும் ஊசி வைத்து, மண்ணீரலையும் கல்லீரலையும் ஸ்கேன் பண்ணி, வேறு எங்கும் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போகவில்லை என்றால் ஆபரேஷன்தான் முதல் வழி. கட்டியை மட்டும் எடுத்தால் பற்றாது. அதைச் சுற்றி விரல் அகலத்துக்கு நல்ல தோலும், அடியில் ஒரு அடுக்கு சதையும் சேர்த்து எடுக்க வேண்டும். தொடையில் அவ்வளவு தோல் கிடைப்பது சிரமம். வெட்டி எடுத்ததை லேபுக்கு அனுப்புவார்கள். ஓரங்களில் செல் இல்லை என்றால் நல்லது. இருந்தால் மறுபடியும் வெட்டலாம், அல்லது ரேடியேஷன் கொடுக்கலாம். ரேடியேஷன் மெஷின் இந்த ஊரில் இல்லை, தூரம் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து கொடுப்பார்கள். ஊசியாகவும் மாத்திரையாகவும் கீமோதெரபி இருக்கிறது. மனிதர்களுக்குக் கொடுக்கிற அளவுக்குக் கடுமையாகக் கொடுப்பதில்லை. இருக்கிற நாளை நல்லபடியாக இருக்க வைப்பதுதான் நோக்கம். எதுவும் வேண்டாம் என்றால் ஸ்டீராய்டு மாத்திரையும் வலி மாத்திரையும் கொடுத்து, சாப்பிடுகிற வரைக்கும் சந்தோஷமாக வைத்துக்கொண்டு, முடியாத நாளில் ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடலாம். அதுவும் ஒரு வழிதான், அதைத் தேர்ந்தெடுக்கிறவர்களை நான் தப்பாக நினைக்கமாட்டேன் என்றாள்.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று டாக்டர் கைராசியைப் பார்த்தாள். கைராசிக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. அழுத்தினால் பரவுமா? பொய் சொன்னவள் அதைக் கேட்க முடியாது. தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் முதலாளி இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாகப் படுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர், நீ ஏன் இல்லை என்று சொன்னாய் என்று கேட்பார் என்று வழி நெடுக அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டிருந்தால் அழுதிருக்கலாம். அவர் வெளியே பார்த்துக்கொண்டு, வலது தோளை மட்டும் ஒரு தரம் சுழற்றினார். பை மாட்டாத நாளில் அவருக்குத் தோள் வலிக்க நியாயமில்லை.

மகளிடம் போனில் சொன்னபோது, முதலாளி சாப்பிடுகிறாரா என்றுதான் அவள் முதலில் கேட்டாள். பிறகு, என்ன செய்தாலும் சரி, வலிக்காமல் பார்த்துக்கோங்க என்று சொன்னாள். வைப்பதற்கு முன்னால், "ஏம்மா, உன் கைக்கு முன்னாடியே தெரியலையா?" என்று கேட்டாள். குத்திக்காட்டுகிற குரலில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். கைராசி, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஸ்கேனில் வேறு எங்கும் எதுவும் தெரியவில்லை. ஆபரேஷனா மாத்திரையா என்று இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது, அறுப்பது தைப்பது எல்லாம் வேண்டாம், இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்பது அவர் பக்கம்.

"கேபிள் தேஞ்சா மாத்தலாம். மோட்டார் போனாலும் மாத்தலாம். கட்டடமே இறங்குதுன்னா நான் என்ன பண்றது, சொல்லு" என்றார்.

"கட்டடம் இறங்கல. டாக்டர் சொன்னாங்கல்ல, வேற எங்கயும் போகலன்னு."

"இப்ப போகல."

"அதான் இப்பவே எடுத்துரணும்ங்கறேன்."

"எடுக்கணும்னா எடு. யார் வேணாம்னா?" அவர் தட்டை ஒதுக்கினார். "நீ சொல்லி எது நடக்காம இருந்திருக்கு இந்த வீட்டுல."

வழக்கமாக அவர் இப்படிச் சொன்னால் அதில் ஒரு கேலி இருக்கும். அன்றைக்கு அவள் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை முதலாளிக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலித் தட்டுக்கு முன்னால் நின்று அது கைராசியைப் பார்த்தது. மாலையில் வெளியே கொண்டுவந்தபோது தொடையில் சாக்குப்பை வாயைத் தைத்த மாதிரி நீளமான தையல். நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. எங்கே திரும்பினாலும் கூம்பு கதவில் இடித்தது. இடிக்கும்போதெல்லாம், இந்த வீட்டைக் கட்டினவன் யார் என்கிற மாதிரி முறைத்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். கைராசியும் சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

லேப் முடிவு வரக் கொஞ்ச நாளாகும் என்றார்கள். அந்த நாட்களில்தான் கைராசியின் தொழிலில் மாற்றம் தெரிந்தது. முதுகைப் பிசைவாள், ஆனால் எங்காவது ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் கை நின்றுவிடும். முன்பெல்லாம் அந்த இடத்தில்தான் கை வேகம் பிடிக்கும். இப்போது நெருப்புப் பட்ட மாதிரி விலகிப் போய் வேறு இடத்தில் தொடரும். தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லி வந்தவர்களை எல்லாம் டாக்டரிடம் காட்டுங்க என்று அனுப்பினாள். நீங்களே சொல்லுங்களேன் என்று ஒரு பெண் கெஞ்சினாள். கைராசி, எனக்குத் தெரியாதும்மா என்றாள். அந்தப் பெண் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

கண்டக்டர் மட்டும் விடவில்லை.

"டாக்டர்கிட்ட போனா, கைராசிகிட்ட போய் நீவி விட்டுக்கோன்னு அனுப்புறார். உங்ககிட்ட வந்தா டாக்டர்கிட்ட போன்னு அனுப்புறீங்க. நான் என்ன கால்பந்தா? நடுவுல யாராச்சும் ஒருத்தர் இறக்கி விடுங்கம்மா."

கைராசி பதிலுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தாள். ஆனால் அன்று மாலை துண்டு துவைக்கும்போது, இதுவரை கொழுப்பு என்று சொல்லி அனுப்பின முகங்கள் ஒன்றொன்றாக வந்தன. தையல் கடைக்காரியின் முழங்கை. பால்காரரின் வயிறு. ஒரு பள்ளி வாத்தியாரின் பிடரி. அவர் நல்லவேளை என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார், அப்புறம் வரவே இல்லை. முதுகு சரியாகிப் போயிருக்கலாம். வீடு மாற்றிக்கொண்டு போயிருக்கலாம். துண்டை முறுக்கின முறுக்கில் நீர் சொட்டுவது நின்ற பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

இத்தனை முகம் வந்தும் ஒரு முதுகை மட்டும் அவள் வரவிடவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, முதலாளிக்கு மாத்திரை கொடுக்கணும் என்று தள்ளிவிட்டாள். அடுத்த ஞாயிறு, கை வலிக்கிறது என்றாள். அவர், சரி என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதை அவள் கதவிடுக்கில் பார்த்தாள். இடது கையைப் பின்னால் கொண்டுபோய் எட்டுமா என்று முயன்றார். எட்டவில்லை. அந்த இடம் அவர் கைக்கு எட்டாத இடம். இத்தனை வருஷமும் அவளுடைய கைக்கு மட்டும் தெரிந்த இடம்.

டாக்டர் போன் பண்ணினது சனிக்கிழமை. மூன்று பக்கமும் ஓரம் சுத்தமாக இருக்கிறது. தொடையின் உட்பக்கத்து ஓரத்தில் மட்டும் விளிம்பு வரைக்கும் செல் இருக்கிறது. மறுபடியும் வெட்ட அங்கே தோல் இல்லை. ரேடியேஷனுக்குக் கொண்டுபோகலாம், இல்லையென்றால் கீமோ ஊசி இங்கேயே போடலாம். ஊசி போட்ட பிறகு கொஞ்ச நாளைக்கு அதன் மூத்திரத்தையும் மலத்தையும் உறை போடாத கையால் தொடக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். கைராசி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். ஊசியே போடலாம் என்று அவளே முடிவு சொன்னாள். அவ்வளவு தூரம் கொண்டுபோய் மயங்க வைத்து மயங்க வைத்து எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

போனை வைக்கப் போன டாக்டரை அவள் நிறுத்தினாள். "டாக்டர், நான் அன்னைக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்."

"சொல்லுங்கம்மா."

பின்னால் யாரோ நாயைத் தூக்கிக்கொண்டு வந்து அவசரம் என்று டாக்டரைக் கூப்பிடுகிற சத்தம் போனில் கேட்டது. "ஒண்ணுமில்ல, நேர்ல வரும்போது சொல்றேன்" என்றாள் கைராசி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் முன்னறை மேஜையில் பாதி வரைக்கும் விழுந்திருந்தது. அவள் காய்ந்த துண்டுகளை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்தார். எதுவும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மேஜையில் ஏறிக் குப்புறப் படுத்து, ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டார். மேஜைக்கு அடியில் முதலாளி கூம்போடு படுத்திருந்தது.

"என்ன முதலாளி, இங்கதான் இருக்கீங்களா" என்று அவர் ஓட்டை வழியாகக் கேட்டார். வால் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

தப்பிக்க வழியில்லை. கைராசி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு வரத் தேய்த்தாள். இடுப்பிலிருந்து தொடங்கினாள். இடது பக்கம் முழுக்க ஏறி, கழுத்துக்குப் போய், வலது பக்கம் இறங்கினாள். இறங்கும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். இரண்டாவது தரமும் சுற்றிக்கொண்டு போனாள்.

"அங்க ஏன் தொட மாட்டேங்கற?" என்றார் அவர்.

"தொடுறேன்."

தொட்டாள். நாய் டாக்டர் தொட்ட மாதிரி விரல் நுனியால் மட்டும். பழைய அளவுதான் என்று முதலில் தோன்றியது. மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். முன்பெல்லாம் விரலுக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடும். இப்போது ஓடவில்லை. அடியில் எதையோ பிடித்துக்கொண்டு நின்றது. அல்லது அவள் விரல் பயத்தில் சரியாகத் தள்ளவில்லை. கை எப்போதும் போல ஒன்றைச் சொன்னது, உடனே, தெளிவாக. இந்தத் தடவை அது கொழுப்பு என்று சொல்லவில்லை. முதலாளியின் தொடையிலும் இதே கைதான் இதே தெளிவோடு சொன்னது. அன்றைக்குத் தப்பாகச் சொன்ன கை இன்றைக்கும் தப்பாகவே சொல்லட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

"ரெண்டு மூணு வாரமா அந்தப் பக்கம் படுக்க முடியல" என்றார் அவர், தரையைப் பார்த்து. "பைய இடது தோள்ல மாட்டிக்கிறேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னு பார்த்தேன். முதலாளி பாடே பெரும்பாடா இருக்கு."

அவள் விரல் அங்கேயே இருந்தது.

"முதலாளிக்கு ஊசி வச்சாங்களே. வலிச்சிருக்குமா அவருக்கு?"

மேஜைக்கு அடியில் முதலாளி தன் பேரைக் கேட்டு அசைந்தது. கூம்பு மேஜைக் காலில் இடித்தது.

"இந்தா," என்றார் அவர். குரல் இப்போது சிறியதாக இருந்தது. "கொழுப்புதானே? ஒரு வார்த்தை சொல்லிடேன்."

கைராசி கையை எடுத்தாள். மடித்து வைத்த துண்டுகளில் மேலே இருந்ததை எடுத்து, அவர் முதுகில் இருந்த எண்ணெயை ஒற்றினாள். அந்த இடத்தில் அழுத்தாமல் ஒற்றினாள். பிறகு தன் கையை, விரல் விரலாக, அதே துண்டில் துடைத்தாள். அவர் ஓட்டைக்குள் முகத்தை வைத்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். முதுகு ஏறி இறங்கவில்லை.

அவள் துண்டை எடுத்துக்கொண்டு வாளி இருக்கிற பக்கம் போனாள்.